தீவிலே ஒரு டைரக்டர் அம்மாள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. போன மாதம் ஒட்டடை அடிக்கிற சாக்கில் அதைக் கீழே இறக்கினேன். பழைய பித்தளைச் சாமான்களுக்கு அடியில், செல்லரித்த ஒரு குரூப் போட்டோ. நடுவிலே நாற்காலியில் தாத்தா, இரு பக்கமும் அவருடைய தம்பிமார், மடியில் குழந்தைகள். எல்லாருக்கும் பின்னால், ஓரத்தில், தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். முகத்தில் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது.

"இது யார்?" என்று பெரியவர்களைக் கேட்டேன். ஆண்களின் பெயரெல்லாம் கடகடவென்று வந்தது. யார் எந்த ஊரில் என்ன உத்தியோகம் பார்த்தார், என்ன சம்பளம் என்பது வரை வந்தது. அந்தப் பெண்ணிடம் வந்ததும், "யாரோ அத்தை முறை. ரசம் நன்றாக வைப்பாளாம்" என்றதோடு பேச்சு நின்றுவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள். பரணில் ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஹுவாங் யூ-ஷான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் தைவானில் சினிமா டைரக்டர். பெண்மணி. பெரிய ஸ்டூடியோ முதலாளிகளின் தயவை நம்பிக்கொண்டிராமல், தம் சொந்த முயற்சியில் படம் எடுத்தவர். அந்த ஊரில் குடும்பப் பெயரை முன்னால் சொல்லுவார்கள். ஆகையால் நாம் அவரை ஹுவாங் அம்மாள் என்று மரியாதையாகவே அழைப்போம்.

தைவான் எங்கே இருக்கிறது என்று குழந்தைகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சீனத்தின் தென்கிழக்குக் கரைக்கு எதிரே, ஒரு ஜலசந்திக்கு அப்பால் இருக்கும் தீவு. கேரளத்தைவிடச் சற்றுச் சிறியது. ஜனத்தொகை இரண்டேகால் கோடிக்குச் சற்று மேல். உங்கள் கையில் இருக்கும் செல்போனுக்குள்ளே நகக்கண் அளவில் ஒரு சில்லு இருக்கிறதே, அது அநேகமாக அந்தத் தீவிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். சில்லு நம் கைக்கு வந்துவிட்டது. அவர்களுடைய சினிமா வந்து சேரவில்லை.

அந்த ஜலசந்தியின் நடுவே பெங்ஹு என்ற சின்னஞ்சிறு தீவுக் கூட்டம். காற்றும் மீனும் உப்பும்தான் அங்கே பிரசித்தம். அங்கே 1954-ல் பிறந்தவர் ஹுவாங் அம்மாள். படித்தார், சினிமாவைப் பற்றி எழுதினார், லீ ஷிங் என்ற பெரிய டைரக்டரிடம் படப்பிடிப்பில் வேலை கற்றார், பிறகு கடல் கடந்து நியூயார்க் சர்வகலாசாலைக்குப் போய்ச் சினிமாவைப் பாடமாகவே எடுத்துப் படித்தார்.

இந்த இடத்தில் என் சிநேகிதி ஒருத்தி குறுக்கிட்டாள். "சினிமா எடுக்கக் காமிரா தெரிய வேண்டும், நடிகர்களை வேலை வாங்கத் தெரிய வேண்டும். சினிமா சரித்திரத்தைப் படித்து என்ன ஆகப் போகிறது? பழைய சாதத்தைக் கிளறுகிற காரியம்தானே?" என்றாள்.

நல்ல கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் அந்தப் பழைய சாதத்தைக் கொஞ்சம் கிளறித்தான் ஆக வேண்டும்.

தைவான் 1895 முதல் 1945 வரை ஜப்பானியர் வசம் இருந்தது. யுத்தம் முடிந்ததும் சீனத் தேசியக் கட்சியின் சர்க்கார் வந்தது. 1949-ல் அந்தச் சர்க்கார் சீனப் பெருநாட்டில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்று, மூட்டை முடிச்சுடன் தைபே நகருக்கே வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ராணுவச் சட்டம் போட்டார்கள். 1987 ஜூலையில்தான் எடுத்தார்கள். முப்பத்தெட்டு வருஷம்! அன்று பிறந்த பெண் குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, தன் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் அந்தச் சட்டம் போயிற்று.

ஆட்சிக்கு வந்தவர்கள் மாண்டரின் சீனத்தைத் தேசிய பாஷை ஆக்கினார்கள். தீவு மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியதோ ஹொக்கியன் வழி வந்த தைவான் பாஷை. மலையோரக் கிராமங்களில் ஹக்கா பாஷை. ஆதிக்குடிகளுக்குத் தனித்தனியே பாஷைகள். பள்ளிக்கூடத்தில் வாய் தவறி வீட்டுப் பாஷை பேசிவிட்டால் அபராதம். கழுத்திலே அட்டையை மாட்டி நிற்க வைப்பதும் உண்டு. அம்மாவிடம் பேசுகிற பேச்சுக்குத் தண்டனை என்றால் குழந்தையின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

பள்ளியில் வாய் திறக்கக் கூடாது என்ற அந்தப் பாஷை சினிமாக் கொட்டகையில் வாய் திறந்தது. 1956-ல் ஹோ ஜீ-மிங் என்பவர் 'ஷுவே பிங்-குயியும் வாங் பாவ்-சுவானும்' என்று ஒரு படம் எடுத்தார். கதை பழைய நாடகக் கதை. மந்திரி மகள் ஓர் ஏழையைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவன் யுத்தத்துக்குப் போய்விடுகிறான். அவள் ஒரு குகை வீட்டில் காட்டுக்கீரையைத் தின்றுகொண்டு பதினெட்டு வருஷம் காத்திருக்கிறாள். அவனோ போன இடத்தில் ஓர் இளவரசியை மணந்துகொண்டு, சௌக்கியமாகத் திரும்பி வருகிறான். வந்தவன் நேரே போய், "நான்தான்" என்றானா? இல்லை. முன்பின் தெரியாத ஆள் மாதிரி பேசி, இவள் பதிவிரதைதானா என்று சோதித்துப் பார்க்கிறான்!

உங்களுக்குக் கோபம் வருகிறது அல்லவா? எனக்கும்தான். ஆனால் கேளுங்கள், இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. படத்தில் அந்தக் கதாநாயகனாக நடித்தவர் ஒரு பெண். அந்த ஊர் மேடைக் கூத்தில் ராஜபார்ட் வேஷம் கட்டுகிறவர்கள் பெண்கள்தான். நாடகக் கம்பெனியையே அப்படியே படத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். படம் அமோகமாக ஓடியது. பாட்டிமார்கள் தங்கள் பாஷையைத் திரையிலே கேட்டார்கள்.

அப்புறம் கேட்பானேன்! 1962-ல் மட்டும் சுமார் 120 தைவான் பாஷைப் படங்கள் வந்தன. மொத்தத்தில் 1981 வரை ஆயிரத்துக்கு மேல். கண்ணீர்ப் படங்கள், விகடப் படங்கள், துப்பறியும் படங்கள், பேய்ப் படங்கள் என்று ஒன்று பாக்கியில்லை. 1965-ல் வந்த 'நரகத்திலிருந்து திரும்பிய மணமகள்' என்ற படத்துக்குக் கதை, விக்டோரியா ஹோல்ட் எழுதிய ஓர் இங்கிலீஷ் நாவல். ஒரு வாரத்தில் படம் பிடித்து, அடுத்த வாரம் கொட்டகையில் போடுகிற மாதிரி ஓட்டம். பணம் கொஞ்சம், கறுப்பு வெள்ளை, அவசரம். கைக்குட்டையும் கையுமாக வந்து உட்கார்ந்தவர்களில் பெண்கள் ஏராளம்.

சர்க்கார் இதை எப்படிப் பார்த்தது என்கிறீர்களா? அதே 1962-ல் 'தங்கக் குதிரை' என்று ஒரு சினிமாப் பரிசை ஏற்படுத்தினார்கள். அது மாண்டரின் படங்களுக்கு. அந்த வருஷம் ஊரெல்லாம் ஓடிய நூற்றிருபது படங்களும் பந்திக்கு வெளியே.

அந்தக் காலத்துச் சினிமாக்காரர்களுக்கு உயிர்ப்பயமும் இருந்தது. பை கே என்ற டைரக்டர் தைவான் பாஷைப் படங்களை வளர்த்தவர்களில் முக்கியமானவர். பதினெட்டு வருஷம் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதையை 1957-ல் படமாக்கினார். 1964-ல் அவரை அரசியல் குற்றவாளி என்று சொல்லிச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

எழுபதுகளில் கலர்ப் படமும் மாண்டரினும் டெலிவிஷனும் சேர்ந்து தைவான் பாஷைப் படங்களை மூலையில் உட்கார வைத்தன. அந்த ஆயிரம் படங்களும் என்ன ஆயின? ஒவ்வொரு படத்துக்கும் சில பிரதிகள்தான் போட்டிருந்தார்கள். ஊர் ஊராக ஓட்டி, கீறல் விழுந்து, அறுந்து, ஒட்டி, மறுபடி ஓட்டி, கடைசியில் கொட்டகைப் பின்கட்டில் போட்டுவிட்டார்கள். தைவானின் சீதோஷ்ணமோ ஈரப்புழுக்கம். பிலிம் கெட ஆரம்பித்தால் அதிலிருந்து காடி வாசனை வரும் தெரியுமா? ஊறுகாய் ஜாடியைக் கவனிக்காமல் விட்டால் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பிறகு சுருங்கும், ஒட்டிக்கொள்ளும், கட்டியாகும். இன்று மிஞ்சியிருப்பவை சுமார் இருநூறு படங்கள். ஐந்தில் நாலு பங்கு போயே போயிற்று.

இப்போது ஒரு பெயர் சொல்லுகிறேன். சென் வென்-மின். தைவானின் முதல் பெண் டைரக்டர் என்று இன்று இவரைத்தான் சொல்லுகிறார்கள். 1957-லேயே, அந்த அமளிக்கு நடுவே, படக் கம்பெனி நடத்தி, டைரக்டர் நாற்காலியிலும் உட்கார்ந்தவர். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த பெண்கள் அவரைப் பார்த்துத் துணிச்சல் கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. வெகுகாலம் அவர் பெயர் எங்கும் அடிபடவில்லை. எழுபதுகளில் படப்பிடிப்பு வேலை கற்ற ஒரு பெண், தனக்கு முன்னால் யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். குரூப் போட்டோவில் ஓரத்தில் நின்றவள் மாதிரிதான்.

லீ ஷிங்கிடம் ஹுவாங் அம்மாள் வேலை கற்றதாகச் சொன்னேன் அல்லவா? அந்தக் குருநாதரே ஒரு சரித்திரப் பாடம். அவர் டைரக்டர் ஆனது தைவான் பாஷைப் படத்தில். 1959-ல் குண்டரும் ஒல்லியருமாக இரண்டு சிநேகிதர்கள் தீவைச் சுற்றுகிற ஒரு விகடப் படம். சில வருஷங்களில் அவர் சர்க்கார் ஸ்டூடியோவுக்குப் போய், மாண்டரினில் வாத்து வளர்ப்பவர்கள், சிப்பி எடுக்கும் பெண்கள் என்று அழகழகான கிராமப் படங்கள் எடுத்தார். அந்தப் படங்களில் தைவான் கிராமத்துக் கிழவர்கூடச் சுத்தமான மாண்டரின் பேசுவார். படம் கண்ணுக்கு நிஜம்; காதுக்குப் பொய். எனக்கு அந்தப் படங்களைப் பிடிக்கும். ஆனாலும் இந்தப் பொய் உறுத்திக்கொண்டேதான் இருக்கும்.

1982-க்கு அப்புறம் ஹோ ஷியாவ்-ஷியென், எட்வர்ட் யாங் முதலிய இளைஞர்கள் வந்து புதிய சினிமா என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். இதில் பெண்களுக்கு என்ன பங்கு என்று கேட்டால் ருசிகரமான சமாசாரம் இருக்கிறது. 1981-ல் நடிகை சில்வியா சாங் 'பதினொரு பெண்கள்' என்று ஒரு டெலிவிஷன் தொடரை ஏற்பாடு செய்தார். எட்வர்ட் யாங்குக்கு முதல் வாய்ப்பு அதில்தான் கிடைத்தது. ஹோ ஷியாவ்-ஷியெனுடைய படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர்களில் முக்கியமானவர் சூ தியென்-வென் என்ற எழுத்தாளர் அம்மாள். 1989-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய 'துயர நகரம்' படத்தில், 1947-ல் நடந்த படுகொலைக் காலத்தை நமக்கு எடுத்துச் சொல்லுவது ஒரு பெண்ணின் டயரி. அத்தனை இருந்தும் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்; அவர்கள் சொன்ன பால்யமும் பெரும்பாலும் பையன்களின் பால்யம். நான் குறை சொல்லவில்லை. அவரவர் பால்யத்தைத்தானே அவரவர் சொல்ல முடியும்? அப்படியானால் பெண் குழந்தையின் பால்யத்தை யார் சொல்லுவது?

ஹுவாங் அம்மாள் 1988-ல் 'மலைக்காற்று' என்ற பொருள்படும் பெயரில் ஒரு படத்தை டைரக்ட் செய்தார். குழந்தை இல்லை என்ற குறையோடு மலைக்கோவிலுக்கு வந்து தங்கும் ஒரு மனைவியின் கதை. கொரியாவின் பிரபல நடிகை காங் சூ-யோன் நடித்தது. 1990-ல் இரண்டு படங்கள். ஒன்றிலே தாயும் மகளும். மற்றொன்று 'இரட்டை வளையல்'. ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் கம்பெனிக்காக எடுத்தது. சீனத்தின் புக்கியென் கரையிலே ஒரு மீன்பிடி கிராமம், இரண்டு தோழிகள், "பிரிய மாட்டோம்" என்று சத்தியம் செய்துகொண்டவர்கள், கல்யாணம் வந்து பிரிக்கிறது. கல்யாணம் எப்படிப்பட்டது, அடியும் உதையும் எப்படிப்பட்டவை என்று நான் விவரிக்கப் போவதில்லை. படம் பார்த்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தப் படங்கள் எல்லாம் பெண்களைப் பற்றியவை. ஆனாலும் அம்மாளின் சரித்திரப் படிப்பு முழுக்க முழுக்கக் கைகொடுத்தது பிற்பாடுதான் என்பது என் அபிப்பிராயம். ராணுவச் சட்டம் போன பிறகு, ஓரத்தில் நின்றவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை எல்லாப் பக்கத்திலும் ஆரம்பித்தது. 1989-ல் சினிமாக் காப்பகத்தின் பொறுப்புக்கு வந்த ஜிங் யிங்-ருய் என்பவர் மிஞ்சிய தைவான் பாஷைப் படச் சுருள்களைத் தேடிச் சேகரித்தார். வயதான டைரக்டர்களையும் நடிகர்களையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லிக் கேட்டார். 1993-ல் ஹுவாங் அம்மாள் வேறு சில பெண்களோடு சேர்ந்து தைபேயில் பெண்கள் படவிழா ஒன்றை ஆரம்பித்தார். பெண்கள் எடுத்த படங்களைப் போட எந்தக் கொட்டகைக்காரரும் தயாராக இல்லை. ஹாலிவுட் படம் போட்டால் வசூல் நிச்சயமாயிற்றே! சின்ன அளவில் ஆரம்பித்த அந்த விழா முப்பது ஆண்டைக் கடந்து வருஷா வருஷம் நடக்கிறது. 2001-ல் தைபேயை விட்டுத் தள்ளித் தெற்கே ஒரு படவிழாவும் தொடங்கிவைத்தார். தலைநகரத்துக்காரர்கள் மட்டும் பார்த்தால் போதுமா?

ஒரு படம் எடுத்துவிட்டு, அதை யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பார்கள், நாளைக்கு யார் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று டைரக்டரே கவலைப்படுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஐந்தில் நாலு பங்கு படங்களைத் தொலைத்த ஊரின் கதையைப் படித்தவருக்கு அந்தக் கவலை வராமல் எப்படி இருக்கும்?

இனி, நான் சொல்ல வந்த படத்துக்கு வருகிறேன்.

1943 மார்ச் 19. ஜப்பானிலிருந்து தைவானுக்கு வந்துகொண்டிருந்த தகாச்சிஹோ மாரு என்ற பிரயாணிக் கப்பலை, கரை சேர வேண்டிய கீலுங் துறைமுகத்துக்கு அருகே அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று டார்ப்பிடோ வைத்து மூழ்கடித்தது. பல நூறு பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஹுவாங் சிங்-செங் என்ற இளைஞரும் ஒருவர். பெங்ஹு தீவில் 1912-ல் பிறந்து, டோக்கியோ கலைப் பள்ளியில் படித்த சிற்பி, சித்திரக்காரர். அவரோடு கூட இறந்தவள் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண், லீ குய்-ஷியாங். பியானோ வாசிப்பவள். ஊர் தெரியும் தூரத்துக்கு வந்தும் ஊர் சேரவில்லை.

இந்தச் சிற்பி நம் டைரக்டர் அம்மாளின் குடும்பத்துப் பெரியவர்களில் ஒருவர். அம்மாள் பிறப்பதற்குப் பதினோரு வருஷம் முன்பே போய்விட்டவர். அவர் செய்த சிலைகளிலும் எழுதிய படங்களிலும் கொஞ்சம்தான் மிஞ்சின. கறுப்பு உடை உடுத்த ஒரு பெண்ணின் படம் அவற்றில் ஒன்று.

இந்தக் கதையை வேறு யாராவது எடுத்திருந்தால் எப்படி எடுத்திருப்பார்கள்? காதல், கப்பல், பியானோ. கடைசியில் அலைகள் மோதும், வயலின் அழும். நாமும் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்திருப்போம். ஹுவாங் அம்மாள் 2005-ல் எடுத்தார். இங்கிலீஷில் அதன் பெயரை 'ஜலசந்திக் கதை' என்று பொருள்பட வைத்தார். அதில் கதைக்கு வாசல் திறப்பவள் இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி. அவளுக்கு உத்தியோகம், பழைய சித்திரங்களைப் பழுது பார்ப்பது. சிங்-செங்கின் சித்திரம் அவள் மேஜைக்கு வருகிறது. அழுக்கைத் துடைத்துக்கொண்டே போகிறாள். துடைக்கத் துடைக்க, இவன் யார், படத்தில் இருக்கும் இவள் யார் என்று தேடப் புறப்படுகிறாள்.

இங்கேதான் என் சிநேகிதிக்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சித்திரத்தைப் பழுது பார்க்கும் பெண்ணை ஓர் ஆளாக உள்ளே கொண்டுவந்து நிறுத்த யாருக்குத் தோன்றும்? பிலிம் எப்படிச் சாகிறது, எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்தவருக்குத் தோன்றும். ஒன்றரை மணி நேரப் படம் என்றால் அதில் 1,29,600 தனித்தனிப் படங்கள். கெட்டுப்போன சுருளைச் செப்பனிடுகிறவர்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய நமக்கு அந்தப் பொறுமை புரியும். அப்படிப் பொறுக்குகிறவள் படத்தில் எங்கும் தெரிய மாட்டாள். ஹுவாங் அம்மாள் அவளைத் திரையிலே காட்டிவிட்டார்.

கறுப்பு உடைப் பெண்ணுக்கும் ஒரு வாழ்வு இருந்தது, ஒரு வித்தை இருந்தது, டோக்கியோவில் தனியே இருந்து கற்ற சங்கீதம் இருந்தது என்பதைப் படம் விடாமல் சொல்லுகிறது. சிற்பியின் சரித்திரத்தில் "அவருடைய நிச்சயிக்கப்பட்ட மனைவி" என்று ஒரு வரியில் முடிந்துபோக இருந்தவள் அவள். பாஷை விஷயத்திலும் பழைய பொய் இல்லை. அந்தக் காலத்து மனிதர்கள் அந்தக் காலத்துப் பாஷையில், தைவான் பாஷையிலும் ஜப்பானிய பாஷையிலும், பேசுகிறார்கள்.

குறை உண்டா என்றால் உண்டு. இக்காலக் கதையும் அக்காலக் கதையும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. டோக்கியோவில் மனசு ஒன்றிப்போகிற சமயம் பார்த்து நம்மை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். நிதானமும் சற்று அதிகம். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்க்கிற படம் அல்ல.

இரண்டு வருஷம் கழித்து 2007-ல் ஜொங் ஜாவ்-ஜெங் என்ற பெரிய நாவலாசிரியரின் கதை ஒன்றை எடுத்தார். அதுவும் யுத்தகாலக் கதை; அதிலும் டார்ப்பிடோ பட்ட ஒரு கப்பல். ஆனால் இதில் கதாநாயகன் நீந்திக் கரை சேர்ந்துவிடுகிறான்! மலைக்காட்டில் ஒளிந்து வாழ்கிறான். உழைத்துப் பழகிய ஒரு மலைநாட்டுப் பெண் அவனுக்குத் துணையாகிறாள். பேச்சு ஹக்கா பாஷை. முன்படத்தில் கடலில் போனவரை இந்தப் படத்தில் கரையேற்றிவிட்டாரோ என்று எனக்கு ஒரு எண்ணம். அம்மாளைக் கேட்டால் சிரிப்பாரோ என்னவோ.

படம் எடுத்ததோடு நிற்கவில்லை. தைவானின் பெண் டைரக்டர்களைப் பற்றி வாங் ஜுன்-சி என்ற ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து அவர் எழுதிய நீண்ட கட்டுரை, சீனப் பெண்களின் சினிமாவைப் பற்றி 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு புத்தகத்தில் இருக்கிறது. தாமும் உள்ளிட்ட ஒரு வரிசையைத் தாமே உட்கார்ந்து எழுதுவது சங்கடமான வேலைதான். வேறு யாராவது எழுதட்டும் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

தெற்கே தைனான் கலைப் பல்கலைக்கழகத்தில் வெகுகாலம் மாணவர்களுக்குச் சினிமா சொல்லிக்கொடுத்தார். காப்பகத்தில் இருந்த ஜிங் யிங்-ருய்யும் பிற்பாடு அங்கேதான் ஆசிரியராக வந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு சந்தோஷ சமாசாரம் பாக்கி இருக்கிறது.

1956-ல் ஓடிய அந்த முதல் படம், பதினெட்டு வருஷம் காத்திருந்த மந்திரி மகளின் கதை, தொலைந்துபோன படங்களின் ஜாபிதாவில் இருந்தது. எல்லாரும் அதைப் பற்றி எழுதினார்கள். யாரிடமும் படம் இல்லை. 2013 வாக்கில், மியாவ்லி என்ற மலைநாட்டு ஜில்லாவில், பழைய சினிமாச் சாமான்களுக்கு நடுவே ஜிங் யிங்-ருய் குழுவினரின் கண்ணில் அதன் சுருள்கள் பட்டன. தைவான் பாஷைப் படம் என்று பிரித்துப் பார்த்தால் உள்ளே பேச்சு ஹக்கா பாஷை! மலைநாட்டு ஜனங்களுக்காக யாரோ குரலை மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். மூலக் குரல் கிடைக்கவில்லை. மாற்றுக் குரல் காப்பாற்றியது. ஆண் வேஷம் கட்டிய அந்தப் பெண் மறுபடி திரையில் நடந்து வந்தாள். மந்திரி மகளுக்குப் பதினெட்டு வருஷம். அவள் கதை இருந்த பிலிம் காத்திருந்ததோ ஐம்பத்தேழு வருஷம்.

போன வாரம் என் சிநேகிதி மறுபடி வந்தாள். பரண் போட்டோவை மேஜை மேல் பார்த்துவிட்டு, "இன்னுமா இதை வைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்றாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "இந்த அம்மாள் கையைப் பார்த்தாயா? விரல் நுனியெல்லாம் காய்த்திருக்கிறது. வீணை வாசிக்கிற கை மாதிரி இல்லையா?" என்றாள்.

எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது ஊருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். எண்பத்தாறு வயசில் ஒரு பெரியம்மா இருக்கிறார். காது மந்தம், ஞாபகம் பழுதில்லை. பதில் வந்தால் உங்களுக்கும் சொல்லுகிறேன்.